பிரேக் லைட் எரியவில்லையா? பல்பு வாங்குமுன் எர்த்தைப் பாருங்கள்

கடலூரில், அதுவும் தேவனாம்பட்டினம் பக்கம் வெட்டவெளியில் கார் நிறுத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாண்டிச்சேரியில் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கும் பொருந்தும். உள்ளூர் மெக்கானிக் யாரைக் கேட்டாலும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார். எங்கள் வீட்டுப் பழைய வண்டியிலும் அப்படித்தான் புதுப் பல்பு போட்டார்கள். ரெண்டு வாரம் எரிந்துவிட்டு மறுபடி அணைந்தது. பல்பில் ஒரு குறையும் இல்லை, உப்புக்காற்று செய்த வேலை அது.

முதலில் எது எரிகிறது, எது எரியவில்லை என்று பாருங்கள். தனியாளாக இருந்தால் இரவில் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணாடியில் பாருங்கள். இல்லையென்றால் சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே ஒரு குடையை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில் பிரேக் லைட்டுக்குச் சாவி போட வேண்டியதில்லை.

இடது, வலது, நடு மூன்று பிரேக் லைட்டுமே எரியவில்லை என்றால் ஃபியூஸ் அல்லது பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் ஸ்விட்ச். பின் கண்ணாடியை ஒட்டி இருக்கும் நடு விளக்கு மட்டும் எரிகிறது என்றால் அந்த ரெண்டும் நலம், பின்பக்க பல்பையும் வயரையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, ஹோல்டர், எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). இண்டிகேட்டர் ஒரு பக்கம் போட்டால் மட்டும் படபடவென்று வேகமாக அடிக்கிறதா? அந்தப் பக்கம் ஒரு பல்பு எரியவில்லை என்று வண்டியே சொல்கிறது.

ஃபியூஸைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15. போனதற்கு அதே அளவைப் போடுங்கள். போட்டதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம், வயர் எரிந்துவிடும்.

அடுத்தது பல்பு. டிக்கியைத் திறந்து, விளக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் முழு விளக்கும் கையோடு வரும். ஹோல்டரைத் திருகி எடுத்து, பல்பை அமுக்கித் திருப்பினால் கழன்றுவிடும். சில வண்டிகளில் அடிப்பாகமும் கண்ணாடியாகவே உள்ள பல்பு இருக்கும், அதை நேராக இழுக்க வேண்டும். பழைய பல்பைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். பிரேக்கும் டெயில் லைட்டும் சேர்ந்த பல்பு பி21/5டபிள்யூ. உள்ளே ரெண்டு ஃபிலமென்ட், ஒன்று 21 வாட், இன்னொன்று 5 வாட். அதன் பக்கவாட்டு முளைகள் ரெண்டும் ஒன்றுக்கொன்று உயரம் மாறியிருக்கும். ஒற்றை ஃபிலமென்ட் பி21டபிள்யூவில் ரெண்டும் ஒரே உயரத்தில் நேரெதிரே நிற்கும். மஞ்சள் இண்டிகேட்டர் பல்பில் உயரம் ஒன்றுதான், ஆனால் நேரெதிரே இருக்காது. உள்ளே போக மறுத்தால் அழுத்தித் திணிக்காதீர்கள், பல்பு மாறி வந்திருக்கிறது.

இனி எர்த். எனக்கு நேரம் போனது இங்கேதான். பல்புக்குள் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் பாதை வண்டியின் உடம்பு. ஹோல்டரிலிருந்து வரும் ஒரு வயர் (நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் கறுப்பு, ஜெர்மன் வண்டிகளில் பழுப்பு) டிக்கியின் ஓரத்தில், லைனிங்குக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் வளையமாக மாட்டியிருக்கும். அந்த வளையத்தில் களிம்பு ஏறிவிட்டால் மின்சாரம் மாற்றுப் பாதை தேடும். பார்க் லைட் போட்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் அந்தப் பக்க டெயில் லைட் அணைந்துபோகும். அல்லது பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். இப்படிக் கோமாளித்தனமாக ஏதாவது நடந்தால் பல்பைத் தொடவே வேண்டாம், நேராக எர்த்துக்குப் போங்கள்.

உறுதிசெய்ய ஒரு நீள வயர் போதும். ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்துப் பிடியுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் கோளாறு பிடிபட்டது. எர்த் வயர்தான் என்று தெரிந்த பிறகே இதைச் செய்யுங்கள், வேறு வயரில் பட்டால் ஃபியூஸ் போய்விடும்.

எங்கள் வண்டியில் அந்த வளையம் வெளியே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பச்சை, போல்ட் உட்காரும் தகடு துருவேறிச் சொரசொரவென்று இருந்தது. வளையத்தையும் தகட்டையும் உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேயுங்கள், இறுக்கி முடுக்குங்கள், மேலே வாசலின் பூசுங்கள். வயர் வளையத்துக்குள் நுழையும் இடத்தில் உள்ளே கறுத்திருந்தால் அதை வெட்டிப் புது வளையம் போட வேண்டும், தேய்த்துப் பயனில்லை.

கருவி விஷயத்தில் என் கருத்து: புதிதாகத் தொடங்குகிறவர் மல்டிமீட்டருக்கு முன் ஒரு டெஸ்ட் லாம்ப் (வயரில் குத்திப் பார்க்கும் ஊசி முனை வைத்த சோதனை விளக்கு) வாங்கட்டும். பல்பு வைத்த பழைய மாதிரியாக இருக்க வேண்டும், எல்இடி வேண்டாம். களிம்பேறிய வயரில் ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தால்கூட மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும், ஏனென்றால் அது கரன்டே இழுப்பதில்லை. டெஸ்ட் லாம்ப் இழுக்கும், அதனால் மங்கிக் காட்டிக்கொடுக்கும். மஞ்சள் உறை போட்ட வயர்களைக் குத்தாதீர்கள், அவை ஏர்பேக்குக்குப் போகிறவை.

எல்இடி பல்பு மாற்றுவதைப் பற்றியும் கேட்பார்கள். இண்டிகேட்டரில் போட்டால் கரன்ட் குறைவாக இழுக்கும், பல்பு போய்விட்டதாக நினைத்து வண்டி வேகமாக அடிக்கத் தொடங்கும். அதைச் சரிக்கட்டக் கூடுதல் கரன்ட் இழுக்கும் ரெசிஸ்டர் கட்டச் சொல்வார்கள், அது கொதிக்கும். எதற்கு இந்த வம்பு? சாதாரண பல்பே போதும்.

பிற்சேர்க்கை: 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, விளக்குக்குள் தண்ணீர் நிற்கிறது என்று சிலர் கேட்டார்கள். கண்ணாடியில் லேசான ஆவி படிந்தால் பரவாயில்லை. தண்ணீர் தேங்கினால் கழற்றிக் கவிழ்த்து வடித்து, விளக்குக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பரைப் பாருங்கள். விளக்கின் அடியிலுள்ள சின்ன வடிகால் துளையை சிலிக்கான் வைத்து அடைக்காதீர்கள்.

இன்னொன்று. பிரேக் லைட் அணையாமலே எரிந்து பேட்டரி இறங்குகிறதா? பெடல் கம்பியில், ஸ்விட்சின் முளை முட்டும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பொத்தான் இருக்கும். நாளாவட்டத்தில் அது பொடிந்து விழுந்துவிடும், ஸ்விட்ச் அமுங்காமல் லைட் எரிந்துகொண்டே இருக்கும். காலடி விரிப்பில் அதன் துண்டுகள் கிடக்கின்றனவா என்று தேடுங்கள். பொத்தான் கிடைக்கும்வரை அந்த ஓட்டையில் ஒரு சின்ன போல்ட், நட்டு போட்டு முடுக்கினால் ஸ்விட்ச் பழையபடி அமுங்கும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஸ்விட்சைக் கூடுதலாகக் கவனியுங்கள். அது செத்தால் பல வண்டிகளில் கியர் பார்க்கிங்கை விட்டே நகராது.