மாரடைப்புக்குப் பின் வரும் சிக்கலைக் கணிக்க: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

மாரடைப்புச் சிகிச்சைக்குப் பிறகு யாருக்கு என்ன சிக்கல் வரும் என்று கணிக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த அல்காரிதம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை மணிக்குக் கணிக்கப் போகிறீர்கள்?"

பழகிப் பார்க்க நல்ல தரவு ஒன்று யூசிஐ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ரஷ்யாவின் கிராஸ்நோயார்ஸ்க் மருத்துவமனையில் 1992 முதல் 1995 வரை சேகரித்தது. 1700 நோயாளிகள், 111 உள்ளீட்டுப் பத்திகள் (அட்டவணையின் column-கள்), கணிக்க வேண்டிய 12 விளைவுகள்.

இதில் மூன்று நாள் விவரங்களும் கலந்து கிடக்கின்றன. இரண்டாம் நாள் மறுபடி நெஞ்சுவலி வந்ததா, மூன்றாம் நாள் ஓபியாய்டு வலிநிவாரணி கொடுத்தார்களா என்றெல்லாம் பத்திகள் உண்டு. நோயாளி உள்ளே வரும்போதே கணிக்க வேண்டுமென்றால் இப்படிப்பட்ட ஒன்பது பத்திகளை நீக்க வேண்டும் என்று தரவோடு வரும் குறிப்பே சொல்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் துடிப்பைச் சீராக்கும் லிடோகைன் மருந்து கொடுத்தார்களா என்ற பத்தியையும் நான் சேர்த்துத் தூக்கிவிடுவேன். துடிப்பு தாறுமாறாவதைப் பார்த்தோ, ஆகிவிடுமோ என்று பயந்தோதானே மருத்துவர் அதைக் கொடுக்கிறார்? அதை வைத்து வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனை (இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலையை) கணிப்பது விடைத்தாளைப் பார்த்துத் தேர்வெழுதுகிற மாதிரி.

அப்புறம் நிகழ்வுகளை எண்ணுங்கள். இதயத்தசை கிழிந்தவர்கள் 54 பேர். "யாருக்கும் கிழியாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 96.8% சரியாகிவிடும், துல்லிய சதவீதத்தை நம்பாதீர்கள். கணிக்கப் பயன்படும் ஒரு காரணிக்குக் குறைந்தது பத்து நிகழ்வு என்ற பழைய கணக்குப்படி 54-க்கு ஐந்து காரணிதான் தாங்கும். நுரையீரலில் நீர் கோத்தவர்கள் 159 பேர், அங்கே ஆரம்பிக்கலாம். ஆனால் வந்து சேரும்போதே நீர் கோத்திருந்தவர்களுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. அவர்களை ஒதுக்கிவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

நிகழ்வு குறைவு என்றதும் சிலர் உடனே ஸ்மோட் என்ற உத்தியைப் போட்டு, இல்லாத நோயாளிகளை உண்டாக்கி இரு தரப்பையும் சமமாக்குவார்கள். எனக்கு அது பிடிக்காது. அப்படிச் செய்தால் ஆபத்து இருப்பதைவிடப் பல மடங்காகத் தெரியும்.

காரணிகளை மருத்துவரோடு உட்கார்ந்து, விளைவைப் பார்க்காமலே தேர்ந்தெடுங்கள். வயது, முந்தைய மாரடைப்பு, சிஸ்டாலிக் ரத்த அழுத்தம், மாரடைப்பு வந்த இடம் ஆகியவை போதுமான தொடக்கம். ரத்த அழுத்தத்தை "100-க்குக் கீழ், மேல்" என்று இரண்டாக வெட்டாமல், எண்ணாகவே வைத்து, ஆபத்து அதோடு வளைகோடாக மாற விடுங்கள். மாரடைப்பு நோயாளியின் ஆபத்தை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் கிரேஸ் ஸ்கோருக்கு வேண்டிய கிரியேட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை அளவு) இந்தத் தரவில் இல்லை, அதனால் அதோடு ஒப்பிட வழியில்லை.

விடுபட்ட மதிப்புகள் தனித் தலைவலி. ரத்தத்தில் சிபிகே (தசை சிதைந்தால் உயரும் நொதி) என்ற பத்தியில் 1700 பேரில் நான்கே பேருக்குத்தான் மதிப்பு இருக்கிறது. அதை நிரப்ப முயலவே வேண்டாம். மற்றவற்றுக்குப் பன்முறை நிரப்பல் (விடுபட்டதை மற்ற பத்திகளை வைத்துப் பலமுறை ஊகித்து நிரப்புவது) செய்யலாம். குறுக்குச் சரிபார்ப்பின் (தரவைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றை மாற்றி ஒன்றாகச் சோதனைக்கு ஒதுக்குவது) ஒவ்வொரு சுற்றிலும் பயிற்சிப் பகுதிக்குள்ளேயே அதைச் செய்ய வேண்டும்.

கணிக்கும் மாதிரிக்கு (மாடல்), காரணிகளின் எடையை அடக்கி வைக்கும் ரிட்ஜ் சேர்த்த லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் போதும்; அது காரணிகளைக் கூட்டி ஆபத்தின் சதவீதத்தைத் தரும். பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட்டையும் ஓட்டிப் பாருங்கள், தவறில்லை. இந்த அளவுத் தரவில் அது பெரிதாக முந்தினால் நான் முதலில் சந்தேகப்படுவது லிடோகைன் மாதிரி ஏதோ ஒரு பத்தி விடையைக் கசியவிடுகிறது என்றுதான்.

ஏயூசி (சிக்கல் வருபவரை வராதவரிடமிருந்து பிரித்தறியும் திறனின் அளவு) நன்றாக வந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். மாதிரி 20% என்று சொன்னவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உண்மையிலேயே சிக்கல் வந்ததா? இப்படிக் கணித்த சதவீதத்தை உண்மையோடு ஒப்பிடும் கேலிபிரேஷன் வரைபடத்தைத்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எத்தனை சதவீதத்தில் எச்சரிக்கை அடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதும் அவரே. தவறான எச்சரிக்கையின் செலவை வார்டில் சுமப்பது அவர்தான்.

இந்த மாதிரியை இன்றைய நோயாளிகள் மேல் அப்படியே ஏவ முடியாது. அடைப்பை உடனடி ஆஞ்சியோபிளாஸ்டியில் திறப்பது பரவலாவதற்கு முந்தைய தரவு இது. உங்கள் மருத்துவமனையின் புதிய பதிவுகளில் முதலில் இண்டர்செப்டை (ஒட்டுமொத்த ஆபத்தைக் கூட்டிக் குறைக்கும் அடிப்படை எண்ணை) மட்டும் மறுசீரமைத்துப் பாருங்கள். கேலிபிரேஷன் கோட்டின் சாய்வும் ஒத்துவராவிட்டால் காரணிகளின் குணகங்களை (எடைகளை)ப் புதிதாகக் கணக்கிட வேண்டியதுதான்.