புது எயார் இன்டேக் பூட்டியதும் செக் என்ஜின் லைட் எரிகிறதா? எங்கிருந்து தேடுவது

டபுள் கெப்பில் கம்பனி கொடுத்த எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு பில்டரும் அகலமான குழாயும் உள்ள இன்டேக் பூட்டியிருப்பீர்கள். அன்றோ மறுநாளோ மீட்டரில் மஞ்சள் லைட் வந்திருக்கும். "பெட்டரி வயரைக் கழற்றிப் போடு, லைட் போய்விடும்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வண்டியின் கணினியில் பதிந்திருக்கும் கோளாறுக் கோட்தான் உங்கள் கையில் இருக்கும் துப்பு. அதை அழித்தால் துப்பு போய்விடும், கோளாறு அப்படியே இருக்கும்.

நேற்றுவரை வராத லைட், இன்டேக் மாற்றியதும் வந்தது என்றால், கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர், பம்ப் என்று செலவுக்கு ஓடவேண்டாம்.

முதலில் லைட்டைப் பாருங்கள்

விட்டுவிட்டு மினுங்குகிறது என்றால் அது பெற்றோல் வண்டியில் மிஸ்ஃபயரின், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவதன், அடையாளம். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். றம்பொடை ஏற்றத்தில் நின்றாலும் சரி, ஓரம்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். நிலையாக எரிந்து, இழுவையும் வழக்கம்போல் இருந்தால் மெதுவாக வீடுவரை ஓட்டலாம்.

கோளாறுக் கோட்டை வாசியுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியின் கணினியோடு பேசுவதற்கான, 16 ஊசி உள்ள ஓபிடி சொக்கட் இருக்கும். ஈஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி, போனில் டோர்க் போன்ற ஓர் அப்பைப் போட்டால் போதும். பழைய ஜப்பான் வண்டிகள் சில இதற்குப் பதில் சொல்லாது. அப்படியென்றால் கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வந்த கோட்டை எழுதி வையுங்கள், திரையைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். "ஃப்ரீஸ் ஃபிரேம்" என்று ஒரு பக்கம் இருக்கும். லைட் எரிந்த நேரத்தில் என்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்று அது காட்டும். அதையும் விடாதீர்கள்.

இன்டேக் மாற்றியபின் அதிகம் வருபவை சில கோட்கள்தான். பி0113 என்றால் உள்ளே வரும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சரின் இணைப்பு அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பிளக் மாட்டப்படாமல் இருக்கும். பி0102 என்றால் காற்றின் அளவைச் சொல்லும் எம்ஏஎஃப் சென்சரிலிருந்து சிக்னல் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. பல வண்டிகளில் இந்த இரண்டு சென்சரும் ஒரே உடலுக்குள் இருக்கும். ஆகவே இரண்டு கோட்டும் சேர்ந்து வந்தால் அந்தப் பிளக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். பி0101 வந்தால் சிக்னல் வருகிறது, ஆனால் கணக்குச் சரியில்லை. பி0171, பி0174 இரண்டும் பெற்றோல் வண்டிக்கானவை: காற்று கூடி, எரிபொருள் குறைந்துவிட்டது. டீசல் டர்போ வண்டியில் இவற்றுக்குப் பதிலாக பி0101, அல்லது டர்போ அழுத்தம் குறைவு என்று சொல்லும் பி0299 வரக்கூடும்.

பிளக்கும் சென்சரும்

சாவியை எடுத்துவிட்டு பொனட்டைத் திறவுங்கள். எம்ஏஎஃப் பிளக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள்: ஊசி வளைந்திருக்கிறதா, பச்சையாகப் பூத்திருக்கிறதா? திரும்ப மாட்டும்போது "டிக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். புதுக் குழாயில் சென்சர் இருக்கும் இடம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் வயர் விறைத்து நிற்கும். குலுக்கலில் அது கழன்றுவிடும்.

பிறகு சென்சரையே கழற்றிப் பாருங்கள். அதன் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது பில்டரிலிருந்து என்ஜின் பக்கம் காட்ட வேண்டும். அடியில் உள்ள இறப்பர் வளையத்தைக் கவனியுங்கள். அவசரத்தில் அழுத்திப் பூட்டினால் அது ஒரு பக்கம் மடிந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிடும். அந்த வழியாகக் காற்று போனாலே லைட் வரக்கூடும்.

சென்சருக்குப் பின்னால் கசிவு

இதில்தான் பொறுமை வேண்டும். சென்சர் அளந்த காற்று மட்டுமே என்ஜினுக்குள் போக வேண்டும். அதற்குப் பிறகு எங்கே ஓட்டை இருந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். சென்சரில் தொடங்கி, என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் வரை, டீசல் என்றால் டர்போ வரை, ஒவ்வொரு இணைப்பையும் கையால் ஆட்டிப் பாருங்கள். கிளிப் குழாயின் விளிம்பில் சரிந்து நிற்கிறதா? சிலிக்கன் ஹோஸ் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? பழைய குழாயில், என்ஜினுக்குள் சேரும் ஆவியைக் கொண்டுவரும் ஒரு சிறிய பிரீதர் ஹோஸ் வந்து சேர்ந்திருக்கும். புதுக் குழாயில் அதைப் பூட்ட மறந்து, வாய் திறந்தபடி விடுபவர்கள் நிறையப் பேர்.

டீசல் வண்டிக்காரர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. தோட்டத்துப் பாதைத் தூசி பில்டரைத் தாண்டாமல் அந்த ஓட்டை வழியாக நேரே டர்போவின் இறக்கைகளில் அடிக்கும். லைட் இன்றைக்குத் தொந்தரவு, டர்போ போனால் பெரிய செலவு.

பெற்றோல் வண்டி என்றால் என்ஜினை ஐடிலில் விட்டு, த்ரொட்டில் பக்க இணைப்புகளிலும் வெக்யூம் ஹோஸ்களிலும் ஸ்பிரே போத்தலால் கொஞ்சம் தண்ணீர் தூவிப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. வயர்களிலும் சென்சரிலும் தண்ணீர் படாமலும், சட்டைக் கை பெல்ட்டில் சிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எரியக்கூடிய ஸ்பிரே எதையும் சூடான என்ஜினில் அடிக்கவேண்டாம்.

அப்பில் "லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம்" என்ற எண்ணையும் பாருங்கள். கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்று அது காட்டும். அது ஐடிலில் 10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் குறைந்தால் கசிவுதான். ஏற்றியும் குறையவில்லை, சுமையில் இன்னும் கூடுகிறது என்றால் எம்ஏஎஃப் காற்றைக் குறைத்துச் சொல்கிறது.

எம்ஏஎஃப் ஏன் குறைத்துச் சொல்கிறது?

ஒரு காரணம் எண்ணெய். எண்ணெய் பூசும் பில்டர்களில் அளவுக்கு மீறி ஊற்றினால் அது பறந்து வந்து சென்சரின் மெல்லிய கம்பியில் படியும், தூசியும் அதில் ஒட்டும். எம்ஏஎஃப் கிளீனர் என்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள். துணியோ விரலோ கம்பியைத் தொடக்கூடாது. கார்பரேட்டர் கிளீனரும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகே பூட்டுங்கள்.

மற்றக் காரணம் குழாயின் அகலம். கணினி, கம்பனிக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் காற்றைக் கணக்கிடுகிறது. சென்சர் இருக்கும் இடத்தில் 70 மில்லிமீற்றர் இருந்ததை 76 ஆக்கினால், அதே காற்று சுமார் 15 சதவீதம் மெதுவாக ஓடும். கணினி அந்தளவு காற்று குறைவு என்று நினைக்கும். இதற்குச் சுத்தம் செய்வதால் பலனில்லை. உங்கள் மொடலுக்கென்றே, சென்சர் இடத்தில் பழைய விட்டத்தையே வைத்துச் செய்த இன்டேக் வேண்டும். இல்லாவிட்டால் கணினியின் கணக்கைப் புதுக் குழாய்க்கு ஏற்ப மாற்றி ட்யூன் செய்ய வேண்டும். எங்கிருந்தோ கிடைத்த பொதுக் கிட்டை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

மலைநாட்டுக்காரர்களுக்கு

"நுவரெலியா உயரம், அதனால்தான் லைட்" என்று சொல்வதை நம்பாதீர்கள். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெல்லியதுதான். ஆனால் எம்ஏஎஃப் அளப்பது காற்றின் நிறையை, ஆகவே கணினி அதைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். உயரத்தைவிட ஈரம்தான் கவனிக்க வேண்டியது. மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் அடிக்கும் மழையில், மறைப்பில்லாத கூம்பு பில்டர் நனைந்து, தண்ணீர்த் துளி சென்சர்வரை போகலாம். மூடிய பெட்டியோடு வரும் இன்டேக்கே இங்கே நல்லது. ஏற்றத்தில் மெதுவாக ஊரும்போது என்ஜின் சூட்டுக்காற்றை இழுப்பதையும் அது குறைக்கும்.

கடைசிச் சோதனை

திருத்தியபின் ஸ்கேனரால் கோட்டை அழித்து, சில நாள் ஏற்ற இறக்கமாக ஓட்டிப் பாருங்கள். அதே கோட் திரும்ப வந்தால் பழைய பெட்டியை அப்படியே பூட்டி, அழித்து, மறுபடி ஓட்டுங்கள். அதற்காகவாவது அந்தப் பெட்டியை விற்காமல் வையுங்கள். பழைய பெட்டியில் லைட் வரவில்லை என்றால் கிட்தான் பொருந்தவில்லை. வாங்கிய இடத்தில் பேசுங்கள். பழையதிலும் வந்தால் சென்சர் கெட்டிருக்கலாம், அல்லது வேறு கோளாறு. அப்போது எழுதி வைத்த கோட்களோடும் போட்டோக்களோடும் கராஜுக்குப் போங்கள்.