'சார்ஜ்': இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்

செல்போனுக்குப் போடுவதும் சார்ஜ், பேருந்தில் கொடுப்பதும் சார்ஜ். இதில் யாருக்கும் குழப்பம் வராது. போலீஸ், கோர்ட் பக்கம் போகும்போதுதான் சிக்கல். 'சார்ஜ் ஷீட் போட்டுவிட்டார்கள்' என்றால், போலீஸ் புலன்விசாரணையை முடித்து அறிக்கையைக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டது என்று அர்த்தம். நம் நாட்டில், குற்றத்தைப் பொறுத்து, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 அல்லது 90 நாளுக்குள் அது வராவிட்டால், உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். 'சார்ஜ் ஃப்ரேம்' ஆவது, அதாவது எந்தெந்தக் குற்றச்சாட்டுக்கு வழக்கு நடக்கும் என்று வரையறுப்பது, அதற்கு அடுத்த கட்டம்; அதைச் செய்வது நீதிபதி. இரண்டுமே தீர்ப்பு இல்லை. சார்ஜ் ஷீட் வந்த அன்றே ஒருவரைக் குற்றவாளி என்று பேசுவது பெரிய அநியாயம்.

அப்புறம், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் கவனிக்க: 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பை வகிப்பவர். நடுவில் ஒரு 'த' சேர்ந்து 'இன் த சார்ஜ் ஆஃப்' ஆனால், இன்னொருவர் பொறுப்பில் விடப்பட்டவர். நோயாளி நர்ஸின் பொறுப்பில் இருக்கிறார் என்று எழுதும்போது அந்த 'த' விட்டுப்போனால், நோயாளிதான் நர்ஸை மேற்பார்வை பார்க்கிறார் என்றாகிவிடும்.