மைக்ரோவேவ் அடுப்பில் வற்றாளங்கிழங்கு அவிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்து வீடுகளில் வற்றாளங்கிழங்கு என்றால் பானையில் தண்ணீர் விட்டு, கொஞ்சம் உப்பும் போட்டு அவிப்பதுதான் வழக்கம். குசினியில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தாலும், அது முதல்நாட் கறியைச் சூடாக்குவதற்கும் பாலைச் சுடவைப்பதற்கும் என்றே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. கிழங்கை அதில் வைத்துப் பார்த்தவர்களிற் பலர், நுனிகள் விறகாகக் காய்ந்துவிடுகின்றன, நடுப்பகுதி வேகாமல் நிற்கிறது, இனிப்பும் போதாது என்று சொல்லி அந்த ஒருமுறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த மூன்று குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: அடுப்பை முழு வலுவில் முடுக்கிவிட்டு, மணி அடித்த கையோடு கிழங்கை வெளியே எடுத்துவிடுகிறோம். குறைந்த வலுவில் தொடங்கி, அடுப்பு நின்ற பின்பும் சிறிது நேரம் மூடி வைத்திருந்தால், 20 நிமிடத்துக்குள் பானையில் அவித்ததைவிட இனிப்பான கிழங்கை எடுத்துவிடலாம். தண்ணீரிற் கரைந்து போவதற்கு இங்கே எதுவும் இல்லை.

மைக்ரோவேவ் அடுப்புக்குள் நெருப்பும் இல்லை, சூடான தகடும் இல்லை. ஏறத்தாழ 2450 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய நுண்ணலைகள் கிழங்கில் இருக்கும் நீர் மூலக்கூறுகளை ஓயாமல் அலைக்கழிக்க, அந்த அசைவே வெப்பமாகிறது. இந்த அடுப்பு உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது என்று பலரும் சொல்வது சரியன்று. அலைகள் மேற்பரப்பிலிருந்து இரண்டொரு சென்ரிமீற்றர் ஆழம் செல்வதற்குள்ளேயே தங்கள் வலுவின் பெரும்பகுதியை இழந்துவிடுவதால், தடித்த கிழங்கின் நடுப்பகுதிக்குச் சுற்றியுள்ள சதையிலிருந்து வெப்பம் மெல்ல மெல்லக் கடந்து சென்றாக வேண்டும். மெல்லிய நுனிகளுக்கோ எல்லாப் பக்கத்திலிருந்தும் அலைகள் போய்ச் சேர்வதால், நடு வேகும் முன்பே அவை ஈரமிழந்து இறுகிவிடுகின்றன. ஆகவே எத்தனை கிழங்கு என்பதைப் போலவே, கிழங்கு எவ்வளவு தடிப்பு என்பதையும் பார்த்துத்தான் நேரம் வைக்க வேண்டும்.

இனிப்பின் கதை இன்னும் சுவையானது. பச்சைக் கிழங்கில் இனிப்பு கொஞ்சந்தான், பெரும்பகுதி மாப்பொருள். கிழங்கின் சூடு ஏறத்தாழ 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது மாப்பொருள் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்குகிறது. அந்த வேளையில் கிழங்கிலேயே இருக்கும் அமிலேசு என்னும் நொதியம் அதை வெட்டி மோல்ற்றோசு என்ற வெல்லமாக மாற்றுகிறது. சூடு 80 பாகையை அண்மித்ததும் நொதியம் செயலிழந்துவிடும். அதன் பின்பு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இனிப்புக் கூடாது. முழு வலுவில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பு இந்த இடைவெளியை ஒரே பாய்ச்சலில் தாண்டிவிடுகிறது. விறகடுப்புத் தணலில், சாம்பலுக்குள் புதைத்துச் சுட்ட கிழங்கு அவ்வளவு தித்திப்பாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: அது அந்த 60 பாகைக்கும் 80 பாகைக்கும் இடையில் நெடுநேரம் தங்கியிருந்து வருகிறது. மைக்ரோவேவ் அடுப்பால் அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனால் வலுவைக் குறைத்தால் கணிசமாக நெருங்கலாம்.

சந்தையில் கிழங்கு தெரிவு செய்யும்போது பெருங்கிழங்கின் மேல் ஆசைப்பட வேண்டாம். திருநெல்வேலியிலோ சுன்னாகத்திலோ குவித்து வைத்திருக்கும் கிழங்குகளுள், ஏறத்தாழ 200 கிராம் நிறையும், நுனி முதல் அடி வரை கூடியமட்டும் ஒரே தடிப்பும் உள்ளவற்றைப் பொறுக்கி எடுப்பது நல்லது. அன்றைக்குக் கிண்டியதைவிட, கிண்டிச் சில நாள் காற்றோட்டமான இடத்தில் கிடந்த கிழங்கு கூடுதலாக இனிக்கும். தோலில் ஊசி குத்தியது போன்ற கருந்துளைகள் இருந்தால் அது வண்டு புகுந்த கிழங்கு. வெட்டிப் பார்த்தால் பழுப்பு நிறச் சுரங்கங்களும் ஒருவகைக் கசப்பு மணமும் இருக்கும். வண்டு தாக்கும்போது கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் அந்தக் கசப்புப் பொருள் நஞ்சுத் தன்மை உடையது, வேகவைத்தாலும் போகாது. எனவே கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்று எண்ணாமல் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும். வாங்கி வந்த பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே குளிரில் கிடந்த கிழங்கின் நடு, பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் கட்டியாகவே நிற்கும். பழி அடுப்பின் மேல் விழும்.

வலிகாமத்துச் செம்மண் கிழங்கின் கண்களிலும் மடிப்புகளிலும் அப்பிக்கொண்டு இலகுவில் விடாது. முதலில் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, பின்னர் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவினால் தோல் உரியாமல் மண் மட்டும் போகும். தோலைச் சீவ வேண்டாம். ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பது அதுதான். நூல்போல நீண்டிருக்கும் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டு, முள்ளுக்கரண்டியால் சுற்றிவர ஏழெட்டு இடங்களில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குத்த வேண்டும். குத்திய துளைகளில் வெள்ளைப் பால் துளித்து நிற்கும். அதைத் துடைக்கத் தேவையில்லை. துளையிடாமல் வைத்தால் உள்ளே சேரும் நீராவி வெளியேற வழியின்றிக் கிழங்கு வெடித்து அடுப்பின் உட்சுவர் எங்கும் ஒட்டிக்கொள்ளக் கூடும்.

இனிச் சமையல். சுத்தமான பருத்தித் துணித் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து கிழங்கைச் சுற்றி, பீங்கான் கோப்பையொன்றில் வைத்து, சுழலும் தட்டின் நடுவில் அல்லாமல் ஓரமாக வையுங்கள். நடுவில் வைத்த கிழங்கு நின்ற இடத்திலேயே சுற்றும். ஓரத்தில் வைத்தால் அலைகள் கூடிய இடங்களையும் குறைந்த இடங்களையும் மாறி மாறிக் கடந்து சீராக வேகும். 800 வாட் அடுப்பில் 200 கிராம் கிழங்கொன்றுக்கு, வலுவை 30 வீதத்துக்குக் குறைத்து 10 நிமிடம் வைக்க வேண்டும். வீதம் காட்டாத அடுப்புகளில், உறைந்த இறைச்சியை இளக்குவதற்கென உள்ள நிலை ஏறத்தாழ இதே வலுவுடையது. ஐந்தாவது நிமிடத்தில் அடுப்பைத் திறந்து கிழங்கைப் புரட்டி, துணி காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து மீண்டும் சுற்றிவிடவும். பெரும்பாலான அடுப்புகளில் குறைந்த வலு என்பது, முழு வலுவைச் சிறிது நேரம் கொடுத்து, சிறிது நேரம் நிறுத்துவதே ஆகும். காது கொடுத்துக் கேட்டால் இரைச்சல் எழுந்து அடங்கி மீண்டும் எழுவது தெரியும். அந்த இடைவெளிகளில்தான் வெப்பம் நடுப்பகுதிக்கு நகர்கிறது. 10 நிமிடம் முடிந்ததும் முழு வலுவில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் வைத்து நிறுத்தவும்.

நிறுத்தியவுடன் கிழங்கைப் பிளந்து பார்க்கக் கூடாது. துணியோடு அப்படியே ஐந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். வெளிச்சதையின் வெப்பம் உள்ளே சென்று நடுவை வேகவைத்து முடிப்பது இந்த நேரத்தில்தான். பிறகு தடித்த இடத்தில் ஈர்க்கு ஒன்றைக் குத்தினால் தடையின்றி இறங்கி மறுபக்கம் வர வேண்டும். நடுவில் முட்டினால் முழு வலுவில் இன்னும் அரை நிமிடம் மட்டும் வைத்து மீண்டும் பார்க்கவும். ஒரேயடியாக மூன்று நான்கு நிமிடம் கூட்டி வைத்தால் நீர் வற்றிச் சதை நார்க்கட்டையாகிவிடும். அதற்கு மேலும் போனால் கருகிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். அடுப்பை ஓடவிட்டு வாசலுக்குப் போய்க் கதைத்துக்கொண்டு நிற்கும் பழக்கம் இதற்கு உதவாது.

அவசரமான நாளில் முழு வலுவிலேயே ஐந்து நிமிடம், இடையில் ஒருமுறை புரட்டல், பின் ஐந்து நிமிட ஆறுதல் என்றும் செய்யலாம். வெந்துவிடும், இனிப்பு மட்டும் குறையும். கறிக்கோ மசித்த உணவுக்கோ அது போதும் என்பேன். இரண்டு கிழங்கு வைத்தால் நேரத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கூட்டி, ஒன்றையொன்று தொடாதபடி எதிரெதிர் ஓரங்களில் வைக்கவும். நான்கு ஐந்து என்று ஆகும்போது பானையே சிறந்தது. அடுப்பின் வலு அத்தனைக்கும் பகிரப்படுவதால் நேரத்தில் மிச்சம் எதுவும் இல்லை.

பிரட்டலுக்கு வேண்டுமானால் தோல் சீவி, இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, கறுக்காமல் இருக்க உடனுக்குடன் தண்ணீரிற் போட்டு, பிறகு வடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு இட்டு, மூடியைச் சற்றே விலக்கி வைத்து முழு வலுவில் நான்கைந்து நிமிடம் வைத்தால் முக்கால் பதம் வரும். மீதியைத் தாச்சியிற் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே சொன்ன நேரங்கள் 800 வாட் என்ற அளவுக்கு உரியவை. உங்கள் அடுப்பு எது என்று பின்புறத் தகட்டைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு எண்கள் இருக்கும். 1200 வாட் போன்ற பெரிய எண் அடுப்பு மின்சாரத்திலிருந்து இழுக்கும் வலு. 700, 800 என்றிருக்கும் சிறிய எண்ணே உணவுக்குக் கிடைப்பது. 700 வாட் என்றால் நேரத்தை ஏழில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் பகுதிகளில், அதே அடுப்பு அதே கிழங்குக்குக் கூடுதல் நேரம் எடுக்கும். 1200 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்று மேலான மின்னோட்டத்தை இழுப்பதால், பழைய வீடுகளில் உள்ள 5 ஆம்பியர் வட்டமுனைச் செருகியில் அதைப் பொருத்தக் கூடாது; 13 அல்லது 15 ஆம்பியர் செருகி வேண்டும். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த அடுப்பாக இருந்தால் இன்னும் அவதானம் தேவை. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்னழுத்த மாற்றி அழுத்தத்தைக் குறைத்துத் தருமே தவிர, அதிர்வெண்ணை மாற்றாது என்பதால், அந்த அடுப்பை இங்கே பயன்படுத்தாமல் விடுவதே புத்தி.

பாத்திரத்தில், கல்யாணப் பரிசாக வந்த பொன் விளிம்புப் பீங்கான் கோப்பைகளை அலுமாரியிலேயே விட்டுவிடுங்கள். அந்த விளிம்பு உலோகப் பூச்சு, பொறி பறக்கும். சில்வர்ப் பாத்திரமும் அலுமினியத் தாளும் அவ்வாறே. கிழங்கு சுற்றி வந்த பத்திரிகைத் தாளை நனைத்துத் துணிக்குப் பதிலாகச் சுற்றுவதும் வேண்டாம்; மை ஒட்டும், தாளும் எளிதில் தீப்பற்றும்.

வெந்த கிழங்கை நீளவாக்கில் பிளந்து, உப்புக் கலந்த தேங்காய்ப்பூவைச் சூட்டோடு தூவினால் தேங்காயின் எண்ணெய் சதைக்குள் இறங்கும். செம்மஞ்சட் சதையுள்ள கிழங்கில் கரோட்டின் மிகுதி. அதை உடல் உறிஞ்சுவதற்குக் கொழுப்பும் கூடவே வேண்டும் என்பதால், தேங்காய்ப்பூ வெறும் சுவைக்கானது மட்டும் அன்று. செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்துத் தேசிக்காய் பிழிந்த சம்பலோடு உண்பதையே நான் விரும்புவேன். மெல்ல வேகவைத்த கிழங்கின் தித்திப்புக்கு அந்த உறைப்பும் புளிப்பும் நன்றாக ஈடு கொடுக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது தோலை ஊதிப் பார்த்துக் கொடுப்பது போதாது. வெளியே ஆறியிருந்தாலும் உள்ளே ஓரிடத்தில் கொதிசூடு தங்கியிருக்கும் என்பதால், முழுவதையும் மசித்துக் கிளறிய பின்பே ஊட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதைச் சோற்றுக்கு மேலதிகமாக அல்லாமல், சோற்றுக்குப் பதிலாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையை மரவள்ளிக்கிழங்குக்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் சயனைட்டைப் பிறப்பிக்கும் பொருள் இருப்பதால், தோலையும் உட்பட்டையையும் நீக்கித் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிய பின்பே உண்ண வேண்டும்; ஈரத்துணி சுற்றித் தோலோடு மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கும்போது இவற்றில் ஒன்றுகூட நடப்பதில்லை.