லைசோசோம் நொதிக்கு விலாசம் ஒட்டுவது யார்? சார்ட் பேப்பரில் படிப்படியாக வரைந்து பார்ப்போம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிளஸ் டூ உயிரியலோ முதலாண்டு விலங்கியலோ படிக்கிறவர்களிடம் லைசோசோம் பற்றிக் கேட்டால், ‘செல்லின் தற்கொலைப் பை’ என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் வரும். பாடம் அந்த வரியோடு நின்றுபோவது பெரிய இழப்பு. அந்தப் பைக்குள் இருக்கிற ஏறக்குறைய 60 செரிமான நொதிகளில் ஒன்றுகூட அங்கே பிறந்ததில்லை. எல்லாம் வேறிடத்தில் தயாராகி, விலாசம் ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தவை. அந்த வழியை ஒரே ஒரு நொதியை வைத்துப் பின்தொடர்வோம். புரதங்களை வெட்டும் கத்தெப்சின் டி இதற்கு நல்ல தேர்வு.

ஒரு சார்ட் பேப்பர், பென்சில், சிவப்பு, நீலப் பேனா போதும். தாளின் அடியில் முதலில் ஒரு நீளப் பட்டை வரைந்து பிஎச் அளவுகளைக் குறியுங்கள் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்): எண்டோபிளாச வலைப்பின்னலில் 7.2, கோல்கையின் கடைசி அறையில் 6.5 அளவில், லைசோசோமுக்கு முந்தைய நிலையமான முதிர்ந்த எண்டோசோம் என்ற பையில் 5.5, லைசோசோமில் 4.5 முதல் 5 வரை. படம் முழுவதற்கும் இந்தப் பட்டைதான் சாவி. இதை விட்டுவிட்டு அம்புக்குறி மட்டும் போட்டால், எது ஏன் நடக்கிறது என்பது கடைசிவரை விளங்காது.

படி 1: பிறக்கும் இடம்

ரைபோசோமில் உருவாகும்போது கத்தெப்சின் டி 412 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி. அதன் முன்நுனியில் உள்ள சிறு துண்டு, சங்கிலியைச் சொரசொரப்பான எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் இழுத்துச் செல்கிறது. உள்ளே போனதும் அந்தத் துண்டு வெட்டப்பட்டுவிடும். இதில் பெரிதாகக் குழம்ப ஒன்றுமில்லை.

படி 2: சர்க்கரைக் கிளை

கத்தெப்சின் டி-யில் இரண்டு இடங்களில், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின் மேல், 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு கிளை மொத்தமாகக் கொண்டுவந்து ஒட்டப்படுகிறது. இதைக் கிளைவிட்ட மரமாக வரையுங்கள். அடியில் 2 என்-அசிட்டைல் குளுக்கோசமைன், நடுவிலும் கிளைகளிலும் 9 மானோஸ், ஒரு நுனியில் 3 குளுக்கோஸ். குளுக்கோஸ் மூன்றும் சீக்கிரமே கழற்றப்படும். அதனால் பென்சிலால் மட்டும் போட்டு, அழித்துவிடுங்கள்.

விடைத்தாளில் அதிகம் நடக்கும் தவறு இங்கேதான். “கோல்கையில் மானோஸ் சேர்க்கப்படுகிறது” என்று எழுதிவிடுவார்கள். மானோஸ் ஏற்கெனவே கிளையில் இருக்கிறது. கோல்கையில் சேர்வது பாஸ்பேட்.

படி 3: விலாசம்

இந்தப் படிக்குத் தாளில் நிறைய இடம் விடுங்கள். விலாசம் ஒரே தடவையில் ஒட்டப்படுவதில்லை. இரண்டு நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன.

கோல்கையின் முதல் அறைகளில் பாஸ்போடிரான்ஸ்பெரேஸ் காத்திருக்கிறது. அது பாஸ்பேட்டை மட்டும் ஒட்டாது. ஒரு என்-அசிட்டைல் குளுக்கோசமைனைச் சேர்த்தே, மானோஸின் 6-ஆவது கார்பனில் ஒட்டுகிறது. பாஸ்பேட்டைச் சிவப்புப் புள்ளியாகவும், அதன்மேல் இருக்கும் குளுக்கோசமைனை நீல மூடியாகவும் வரையுங்கள். பிறகு கோல்கையின் கடைசிப் பகுதியில் இன்னொரு நொதி வந்து நீல மூடியை வெட்டி எடுக்கிறது. சிவப்புப் புள்ளி வெளியே தெரிகிறது. அதுதான் மானோஸ்-6-பாஸ்பேட்.

கோல்கை வழியாக எத்தனையோ புரதங்கள் போகின்றன. அவற்றில் பலவற்றிலும் இதே மாதிரி மானோஸ் கிளைகள் உண்டு. பிறகு லைசோசோமுக்குப் போக வேண்டியதை மட்டும் பாஸ்போடிரான்ஸ்பெரேஸ் எப்படிப் பிரித்தறிகிறது? அது அமினோ அமில வரிசையை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. சங்கிலி மடிந்து உருவம் எடுத்தபின், தூரத்துப் பகுதிகள் பக்கத்தில் வந்து புறப்பரப்பில் ஒரு திட்டாக அமைகின்றன. குறிப்பிட்ட லைசின்கள் உள்ள அந்தத் திட்டைத் தடவிப் பார்த்துத்தான் அது அடையாளம் காண்கிறது. 1990-இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. இரைப்பையில் வெளியே சுரக்கிற பெப்சினோஜன் கத்தெப்சின் டி-க்கு நெருங்கிய உறவு, ஆனால் லைசோசோமுக்குப் போகாதது. அதில் கத்தெப்சின் டி-யின் இரண்டு சிறு பகுதிகளை மட்டும் மாற்றிப் பொருத்தியபோது அதன் மேலும் பாஸ்பேட் விழுந்தது. எனவே படத்தில் நொதியை நேர்க்கோடாக வரையாதீர்கள். மடிந்த உருண்டையாக வரைந்து, ஒரு பக்கத்தில் திட்டை நிழலிட்டுக் காட்டுங்கள்.

படி 4: ஏற்றுமதி

கோல்கையின் கடைசி அறையின் சவ்வில் மானோஸ்-6-பாஸ்பேட் ஏற்பிகள் உண்டு. ஒன்று பெரியது, சுமார் 300 கிலோ டால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு). மற்றது சிறியது, 46 கிலோ டால்டன். பிஎச் 6.5 அளவில் இவை சிவப்புப் புள்ளியை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளிப்புறத்தில் கிளாத்ரின் என்ற புரதம் கூடைபோல் பின்னிக்கொள்ள, அந்தப் பகுதி நுண்பையாகப் பிரிந்து எண்டோசோமை நோக்கிக் கிளம்புகிறது.

படி 5: இறக்குமதியும் காலிப் பெட்டியும்

எண்டோசோமின் சவ்வில் உள்ள புரோட்டான் பம்ப் உள்ளே அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. பிஎச் 6-க்குக் கீழே இறங்கியதும் ஏற்பியின் பிடி தளர்ந்து, நொதி விடுபடுகிறது. ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி ஏற்றிப்போன பிளாஸ்டிக் பெட்டிகள் காலியாகத் திரும்பி வந்தால்தான் அடுத்த லோடு ஏறும். ஏற்பியும் அப்படித்தான். ரெட்ரோமர் என்ற புரதக் கூட்டம் அதைக் கோல்கைக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏற்பியை லைசோசோமுக்குள் வரைந்துவிடாதீர்கள். அங்கே போனால் அதுவே செரிக்கப்பட்டுவிடும்.

நொதி திரும்பவும் ஏற்பியிடம் போய் ஒட்டாமல் இருக்க, சிவப்புப் புள்ளியையும் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதி நீக்கிவிடுகிறது.

படி 6: தாழ் திறப்பு

இதுவரை நொதி வெட்டும் வேலை எதையும் செய்யவில்லை. முன்பகுதியில் இன்னொரு துண்டு அதன் வெட்டும் குழியை அடைத்துக்கொண்டிருந்தது. வழியில் இருக்கும் புரதங்கள் தப்பியது அதனால்தான். அமிலச் சூழலில் அந்தத் துண்டு அறுந்து, 52 கிலோ டால்டன் அளவு 48 ஆகக் குறைகிறது. லைசோசோமில் மறுபடி வெட்டுப்பட்டு 34, 14 என இரு சங்கிலிகளாகி, பிரியாமல் சேர்ந்தே வேலை செய்கின்றன. எடை குறைவதை ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணாக எழுதிவையுங்கள். ஆய்வகத்தில் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தைப் பார்க்கும்போது நொதி எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

எங்கே தவறினால் என்ன ஆகும்

படி 3-இன் முதல் நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஐ-செல் நோய் வருகிறது. விலாசம் இல்லாத நொதிகள் செல்லுக்கு வெளியே கொட்டப்படுகின்றன. இரத்தத்தில் அவை பல மடங்கு கூடுதலாக இருக்க, லைசோசோமில் செரிக்காத கழிவு தேங்கி நிற்கும். வளர்ச்சி தடைபடும், ஈறு தடிக்கும், மூட்டு இறுகும். தாய், தந்தை இருவரிடமும் இந்த நொதிக்கான மரபணுவின் பழுதான ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் உள்ள நம் பக்கத்தில் இந்தக் கணக்கை எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரே குடும்பத்தில் ஒரே பிரதி இரண்டு பக்கமும் இறங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஒரு விதிவிலக்கையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காஷர் நோயில் பழுதாகும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி இந்த வழியில் போவதில்லை. அதை லிம்ப்-2 என்ற வேறொரு புரதம் கூட்டிச்செல்கிறது.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

வெங்காயச் செல்லின் வாக்குவோலில், அதாவது உள்ளே இருக்கும் பெரிய நீர்ப்பையில், மானோஸ்-6-பாஸ்பேட் வழி கிடையாது. ஆனால் அதன் உள்ளும் அமிலம்தான், பட்டையில் நாம் குறித்த பிஎச்சின் வேலையைக் காட்ட அது போதும். 10 மில்லிகிராம் நியூட்ரல் ரெட் சாயத்தை 100 மில்லி போர் தண்ணீரில் கரையுங்கள். லேசான காரத்தன்மையுள்ள தண்ணீர்தான் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் சாயம் உள்ளே போகாமல் சொதப்பும், அதுதான் இருக்கிறதென்றால் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை சேருங்கள். வெங்காய இதழின் உட்பக்கத்து நிறமற்ற தோலை உரித்து, 10 நிமிடம் ஊறவைத்து, அலசி, மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். வாக்குவோல் மட்டும் செக்கச் சிவந்திருக்கும். மின்சுமை இல்லாத சாயம் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. அங்கே அமிலத்தில் புரோட்டானைப் பிடித்துக்கொண்டதும் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

இப்போது கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் நீர்த்த அம்மோனியா ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் பிளாட்டிங் பேப்பரால் இழுங்கள். சிவப்பு மங்கி மஞ்சள் ஏறும். அம்மோனியாவோ மலேரியா மருந்தான குளோரோகுயினோ மனிதச் செல்லின் எண்டோசோமுக்குள் நுழைந்தாலும் இதேபோல் பிஎச் உயர்கிறது. படி 5-இல் ஏற்பியின் பிடி தளராது, காலிப் பெட்டி திரும்பாது, புதிதாக வரும் நொதி ஏற ஏற்பி கிடைக்காமல் செல்லுக்கு வெளியே போய்விடும்.