காபிச் செடிக்கு நிழல்: எவ்வளவு, எப்ப?

மண்ணு, உரம், தண்ணி எல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன். சிங்கப்பூர்ல எங்க புளோக் கீழ இருக்கற சமூகத் தோட்டத்துல ரெண்டு செடி வச்சு நாலு வருஷமாச்சு, போன தடவதான் உள்ள கொட்ட ஒழுங்கா இருந்த பழம் பறிச்சேன், அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் கூத்து.

வகை ரொபஸ்டா. அரபிகா எத்தியோப்பிய மலைக்காட்டுல பெரிய மரத்தடியில வளர்ந்த செடி, ஏற்காடு, குடகு மாதிரி குளுகுளு இடந்தான் அதுக்கு லாயக்கு. நம்ம 32 டிகிரிக்கு ரொபஸ்டா, இல்லன்னா ஜோகூர்ல போடற லைபெரிக்கா. கோப்பிக் கடையில நாம குடிக்கறதே பெரும்பாலும் ரொபஸ்டாதானே.

ஸ்டெப் 1: வெளிச்சம் பாருங்க. லக்ஸ் ஆப் வேணாம், ரெண்டு போன்ல ரெண்டு நம்பர் காட்டுது. இங்க சூரியன் உச்சிக்கு வர்றது 1 மணி வாக்குல, அப்ப செடிக்கு மேல ஒரு அடி உசரத்துல கையை நீட்டுங்க. நிழல்ல விரல் விரலா பளிச்சுன்னு தெரிஞ்சா வெயில் ஜாஸ்தி. ஓரம் கலங்கலா இருந்தா சரி. நிழலே விழலன்னா பூவ மறந்துடுங்க.

ஸ்டெப் 2: நிழல் மரம். என் ஓட்டு அகத்திக்குத்தான். மடமடன்னு வளரும், சின்ன இலை, வெயில சல்லடையில சலிச்ச மாதிரி விடும், மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும், கழிச்சுப் போடறது பொரியலுக்கு ஆச்சு. ஊர் எஸ்டேட்டுல கல்யாண முருங்கை, சில்வர் ஓக் வைப்பாங்க, சில்வர் ஓக் உசரத்துக்கு இங்க எங்க போறது. தொட்டியில வைக்கறவங்க வெயில்ல 50% மறைக்கற கறுப்பு வலை கட்டுங்க (காரிடார்னா 1.2 மீட்டர் வழி விட்டுருங்க, இல்லன்னா நகர மன்றத்துலேருந்து கடுதாசி வரும்).

ஸ்டெப் 3: நிழல எப்ப குறைக்கறது, எப்ப கூட்டறது. நான் ரெண்டு தடவ கோட்டை விட்டது இங்கதான். முதல்ல மாமரத்தடியில வச்சேன். இலை உள்ளங்கையவிடப் பெருசு, கரும்பச்சை, எண்ணெய் தடவுன மாதிரி மினுமினுப்பு, பூ மட்டும் ஒண்ணுகூட இல்ல. சரின்னு வெட்டவெளிக்கு மாத்துனேன். அடுத்த வருஷம் மல்லிச்சரம் சுத்துன மாதிரி கணுவுக்குக் கணு பூ, வாசனை லிப்ட் வரைக்கும், தோட்டத்து அங்கிள் ஆன்ட்டி எல்லாம் போட்டோ எடுத்தாங்க, நான் காலரத் தூக்கிவிட்டுக்கிட்டேன். அஞ்சாறு மாசத்துல இலை மஞ்சளாச்சு, கிளை நுனியிலேருந்து காய ஆரம்பிச்சுது, காய் பழுக்காமலே கறுத்துது. பிளேடால குறுக்க அறுத்துப் பாத்தா ஒரு பக்கம் கொட்ட சுருங்கி மிளகு மாதிரி, இன்னொரு பக்கம் வெறும் கூடு.

விஷயம் என்னன்னா, மாமரம் தாங்காதுன்னா பிஞ்ச உதிர்த்துடும், காபிக்கு அந்தப் புத்தி கிடையாது. காட்டு நிழல்ல கொஞ்சமா பூத்துப் பழகுன செடி, முதல் ரெண்டு மூணு மாசம் தாண்டுன காய அவ்வளவா கீழ போடாது, இலை, கிளை, வேர்னு எல்லாத்தயும் உறிஞ்சித்தான் அத்தனையயும் வளர்க்கப் பாக்கும். நிழல் இருந்தா பூ குறையும், சூடு தணியும், பழுக்கறது மெதுவாகும், அந்த நேரத்துலதான் கொட்ட ரொம்பும்.

அதனால நான் இப்ப நவம்பர்ல அகத்திய கவாத்து பண்ணிடறேன், மழைக்கால மூட்டத்துலயும் மொட்டுக்கு வெளிச்சம் கிடைக்கும். பிப்ரவரியில மழையில்லாம காயற நாளுக்கு அப்பறம் ஒரு நல்ல மழை பெஞ்சா எட்டு பத்து நாள்ல பூக்கும். பிஞ்சு புடிச்சதும் அகத்திய வளர விட்டுடுவேன். அப்பவும் காய் நெருக்கமா இருந்தா மிளகு சைஸுல பாதியக் கிள்ளிடுங்க, மனசு வராது, கண்ண மூடிட்டுக் கிள்ளுங்க. இங்க எப்ப வேணா மழை பெய்யறதால ஒரே கிளையில பூவும் காயும் சேந்து நிக்கும், அப்ப நான் காய் பக்கந்தான், நிழல வெட்டமாட்டேன்.

ஸ்டெப் 4: பூத்ததுலேருந்து 9-11 மாசத்துல பழம் பறிக்கலாம். பழத்தத் தண்ணியில போடுங்க, மிதக்கறதுல கொட்ட சரியில்ல.

பின்னாடி சேத்தது: நிழல், வெளிச்சம் எல்லாம் சரியா வச்சும் பூ மட்டும் வருது, காய் இல்லன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. ரெண்டு பேரும் வச்சிருந்தது ஒத்தச் செடி. ரொபஸ்டா தன் மகரந்தத்துலயே காய்க்காது, வேற செடி பக்கத்துல வேணும், அதே செடியிலேருந்து குச்சி வெட்டி வச்சதும் கணக்குல வராது.