விண்கல் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: காந்தம், கழுவுதல், காணாமல்போகும் குறிப்புகள்

செவ்வாயிலிருந்து வந்த இரண்டு கற்களை எடுத்துக்கொள்வோம். ஏஎல்எச் 84001 என்ற கல்லை 1984 டிசம்பரில் அன்டார்டிக்காவின் ஆலன் ஹில்ஸ் பனிப்பரப்பில் அமெரிக்க ஆய்வுக் குழு எடுத்தது. எடை 1.9 கிலோ. 'கருப்பழகி' என்று பெயர்பெற்ற என்டபிள்யூஏ 7034, சகாராவில் கிடைத்து 2011-இல் மொராக்கோ வியாபாரிகள் வழியாக ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் போனது. எடை 320 கிராம். இதற்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிம மணிகளின் வயது சுமார் 440 கோடி ஆண்டுகள்.

செவ்வாய்க்கு ஒருகாலத்தில் காந்தப்புலம் இருந்தது. அதன் தடயத்தை ஏஎல்எச் 84001 இன்னும் சுமக்கிறது. அதைவிடப் பழைய பொருள் அடங்கிய கருப்பழகி இன்னும் முந்தைய காலத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதன் துண்டுகளைச் சோதித்தபோது, கைக்காந்தம் பட்டுப் பழைய பதிவு அழிந்திருந்தது தெரியவந்தது. 2023-இல் வெளியான ஆய்வு இது. இழந்ததை இனி எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது.

எனவே முதல் தவறு, விண்கல்தானா என்று அறியக் கல்லில் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது. பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 50 மைக்ரோடெஸ்லா. கைக்குள் அடங்கும் நியோடிமியம் காந்தத்தின் புலம் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலியது. ஒருமுறை தொட்டாலே போதும், கல்லின் சொந்தப் பதிவு போய்விடும். இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நிலவுக் கல்லிலும் செவ்வாய்க் கல்லிலும் உலோக இரும்பு மிகக் குறைவு, பலவற்றில் இல்லவே இல்லை. காந்தத்தை மட்டும் நம்புகிறவர் இரும்புள்ள சாதாரண விண்கல்லைப் பத்திரப்படுத்திவிட்டு அரிய கல்லைத் தூக்கிப் போட்டுவிடுவார். காந்த ஏற்புத்திறனை, அதாவது கல் எவ்வளவு எளிதில் காந்தமேறும் என்பதை, அளக்கும் கையடக்கக் கருவி மிக மெல்லிய புலத்தையே பயன்படுத்துவதால் பதிவைக் கெடுக்காது. அது கையில் இல்லையென்றால் கண்ணை நம்புங்கள். உருகி உறைந்த மெல்லிய கருந்தோல் இருக்கிறதா? விளிம்புகள் மழுங்கியிருக்கின்றனவா? உடைந்த முகத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் உலோகப் பொட்டுகளோ சிறு உருண்டைகளோ தெரிகின்றனவா? உள்ளே குமிழ் குமிழாக ஓட்டைகள் இருந்தால் பெரும்பாலும் உலைக்கசடுதான்.

அடுத்தது, கிடந்த இடத்தைக் குறிக்காமல் கல்லைப் பைக்குள் போடுவது. பல சகாராக் கற்களுக்கு 'வடமேற்கு ஆப்பிரிக்கா' (சுருக்கமாக என்டபிள்யூஏ) என்ற பொதுப் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருப்பதன் காரணம் இதுதான்: எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கருப்பழகியோடு ஒன்றாக விழுந்த கற்களே 7475, 7533 என வெவ்வேறு எண்களில் சிதறிக் கிடக்கின்றன.

இடக்குறிப்பின் மதிப்பு சூடானில் தெரிந்தது. 2008 அக்டோபர் 7 அன்று நூபியப் பாலைவனத்தின் மேல் ஒரு சிறுகோள் வெடித்துச் சிதறியது. பூமியை நெருங்கும்போதே வானியலாளர்கள் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். வானியலாளர் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸும் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் முஆவியா ஷத்தாதும் மாணவர்களை வரிசையாக நடக்கவிட்டு மணற்பரப்பை அலசித் தேடினார்கள். கிடைத்த கற்களில் பல வகைகள் கலந்திருந்தன. ஒவ்வொன்றும் எங்கே கிடந்தது என்ற கணக்கு இருந்ததால்தான், ஒரே சிறுகோளுக்குள் இத்தனை வகையா என்ற கேள்வியை உறுதியோடு கேட்க முடிந்தது. கடையில் கலந்து வாங்கிய கற்களாக இருந்தால், பழைய கற்கள் கலந்துவிட்டன என்று ஒதுக்கியிருப்பார்கள்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. தொடுவதற்கு முன் அளவுகோலை அருகில் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய ஒரு படம். ஜிபிஎஸ் எண்ணைத் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள், ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். துண்டுக்கு ஒரு பை, பைக்கு ஓர் எண். ஒரே வீழ்ச்சியின் துண்டுகள்தானே என்று நான்கைந்தை ஒன்றாகப் போடாதீர்கள், உரசியே கருந்தோல் உதிரும்.

கழுவவும் கூடாது. குழாய்த் தண்ணீரின் குளோரைடும் கைவியர்வையின் உப்பும் உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். கரிமம் மிகுந்த கற்கள் இன்னும் மோசம், அவற்றில் சில தண்ணீரில் குழைந்து உதிரும். கனடாவின் டேகிஷ் ஏரிமேல் 2000 ஜனவரியில் விழுந்த கல் அப்படிப்பட்டது. உள்ளூர்வாசி ஒருவர் உறைந்த ஏரியில் அதைக் கையால் தொடாமல் பைகளில் எடுத்து, உறைநிலையிலேயே வைத்திருந்தார். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான அந்தப் பங்குதான் ஆய்வாளர்களுக்குக் கிடைத்த மிகத் தூய மாதிரி. ஆய்வுக் குழு அல்லாத ஒரு தனிமனிதர் செய்த வேலை இது என்பதைச் சேகரிப்பாளர்களை ஏளனம் செய்வோர் கவனிக்க வேண்டும். அன்டார்டிக்கக் குழுக்களும் இதையே செய்கின்றன: இடுக்கியால் எடுத்து, சுத்தமான பையில் மூடி, உருகவிடாமல் ஹூஸ்டனில் உள்ள நாசா மையத்துக்கு அனுப்பி, அங்கே உலர் நைட்ரஜனில் பனியை நீக்குகிறார்கள். குளிர்ந்த பையை அறைவெப்பத்தில் திறந்தால் காற்றின் ஈரம் கல்லின் மேல் படிந்துவிடும்.

வாங்குபவர் செய்யும் தவறு வேறு. ஏற்றுமதி அனுமதியைக் கேட்காமல் வாங்கிய கல்லை எந்த நல்ல அருங்காட்சியகமும் பிறகு தொடாது. ஓமனிலிருந்து அனுமதியின்றி விண்கல்லை வெளியே கொண்டுபோக முடியாது. அன்டார்டிக்கா வணிகத்துக்கான இடமே அல்ல.

கடைசியாக, வகைப்படுத்துவதற்கு முன்பே வில்லைகளாக அறுத்து விற்றுவிடுவது. விண்கல்லின் பெயர் அதிகாரபூர்வமாகப் பதிவாக வேண்டுமானால் 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் மாதிரியாகச் சேர வேண்டும். 50 கிராம் கல்லென்றால் 10 கிராம், அரைக் கிலோ என்றால் 20 கிராம். விற்று மிஞ்சிய அறுவைத்தூளைக் கொடுத்தால் அதில் ஆராய எதுவுமில்லை. அறுத்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதில் தூய ஆல்கஹாலைக் குளிர்விப்பானாக வைத்து, தீப்பற்றாத ஏற்பாட்டோடு அறுக்க வேண்டும். தோலோடு கூடிய ஒரு துண்டையாவது அறுக்காமல் ஒதுக்குங்கள். ஏஎல்எச் 84001-ஐ முதலில் சிறுகோள் வகை ஒன்றில் தவறாகத்தான் சேர்த்திருந்தார்கள். அது செவ்வாய்க் கல் என்று 1993-இல் கண்டறிய முடிந்ததற்குக் காரணம், கல் பத்திரமாக இருந்ததுதான்.